கொசு கடிக்கும் வீடு எது?

டெங்குவைப் பற்றித் தெரிந்துகொண்டு வரத்தான் என்னை மலேசியாவுக்கு அனுப்பினார்கள். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. "அதுக்கு ஏன் ப்ளேன் ஏறணும்? பக்கத்து லயத்துலயே ரெண்டு பேருக்கு இருக்கே, போய்ப் பாத்துட்டு வா" என்றார். அம்மா இன்னமும் எட்டியாந்தோட்டைப் பக்கம், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்துகொண்டு ரப்பர் பால் வெட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் காய்ச்சல் எழுதுகிறவன் என்று அப்பா ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். கிட்டத்தட்ட அதுவும் சரிதான்.

இலங்கையில், கேகாலையில் ஒரு சுகாதாரத் தகவல் திட்டத்தில் இருக்கிறேன். யாருக்கு எங்கே காய்ச்சல் என்று வைத்தியசாலைகள் எழுதி அனுப்பும். நாங்கள் அதை வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். புள்ளிகள் கூடுகிற இடத்துக்குப் புகை அடிக்கிறவர்கள் போவார்கள். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில், தாள் எங்கள் மேசைக்கு வந்து சேர்வதற்குள் காய்ச்சல் அடுத்த வீட்டையும் தாண்டிப் போயிருக்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு சிறிய குழு இதற்கு வழி கண்டுபிடித்துச் சில கிளினிக்குகளில் சோதித்துப் பார்ப்பதை எங்கள் மேலதிகாரி ஒரு காணொளியில் பார்த்துவிட்டார். நோயாளியின் அடையாள அட்டையைக் கருவியில் செருகினால் போதும். பெயர், வயது, முகவரி எல்லாம் தானாக ஏறிவிடும். மருத்துவர் டெங்கு என்று சொன்ன நிமிடமே வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். "போய்ப் பாத்து, எங்களுக்குச் சரிவருமா எண்டு ஒரு அறிக்கை எழுதுங்க" என்றார். சரிவரும் என்று எழுதத்தான் அனுப்புகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

அந்தக் குழு இருக்கும் ஈப்போவுக்கு வந்த பஸ்ஸில் குளிர் தாங்கவில்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஆட்கள் கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். பாட்டு இல்லை, நடத்துநர் கத்தல் இல்லை, முறுக்கு விற்க யாரும் ஏறவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் எனக்கு ஒருபோதும் தூக்கம் வந்ததில்லை. இங்கே ஏறினால் விழிக்கவே முடியவில்லை. கண் திறந்தபோது சாலையின் இரு பக்கமும் சுண்ணாம்பு மலைகள், யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல் தனித்தனியாக நின்றன.

என்னைக் கூட்டிப்போக வந்தவர் சரவணன். அந்தக் குழுவில் தகவல்களைப் பார்த்துக்கொள்கிறவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வடக்கே பாரிட் புந்தார் பக்கத்துக்காரர். "எங்க அப்பாவும் மரம் வெட்டுனவருதான்லா" என்றார். விறகு வெட்டும் வேலையா என்று கேட்டுவிட்டேன். சிரித்துச் சிரித்துக் காரை ஓரம் கட்டினார். நாங்கள் பால் வெட்டுவது என்கிறோம், இவர்கள் மரம் வெட்டுவது என்கிறார்கள். ஒரே கத்தி, ஒரே மரம்.

மத்தியானம் ஒரு சீனர் கடையில் தவுகே கோழி வாங்கிக்கொடுத்தார். அவித்த கோழித் துண்டுகள், பக்கத்தில் குண்டு குண்டாகப் பயற்றம் முளை. மிளகாய்த்தூள் படாத கோழியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"காய்ச்சக்காரங்களுக்குக் குடுக்கிற மாதிரி இருக்கு அண்ணே."

"மெதுவா பேசு தம்பி. ஈப்போகாரன் காதுல விழுந்துச்சு, ஒன்ன பஸ் ஏத்தி உட்ருவான்."

பிறகு வெள்ளைக் காப்பி வந்தது. வெள்ளையாகவும் இல்லை, கறுப்பாகவும் இல்லை. ஆனால் அதைக் குடித்த பிறகுதான் அந்த நாளில் முதல் தடவையாக எனக்கு உயிர் வந்தது.

அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்கத் திரை. பேராக் மாநிலம் பச்சையாக விரிந்து கிடந்தது, அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். தெற்கே, சுங்காய் என்ற ஊருக்குச் சற்றுத் தள்ளி, அடர்ந்த பச்சைக்கு நடுவில் ஒரு கொத்து. அம்மை போட்ட முகம்போல் அந்த இடம் மட்டும் சிவந்திருந்தது.

"அது ஒரு எஸ்டேட்" என்றார் சரவணன். "வெள்ளக்காரன் பேரு வாயில நொழயாது. நம்ம ஆளுங்க ரொட்டிக்காரன் தோட்டம்னு சொல்லுவாங்க. ரெண்டு தடவ போகிங் அடிச்சாச்சு. கொறயவே மாட்டேங்குது."

போகிங் என்றால் புகை. குழுத் தலைவர் அந்தச் சிவப்புக் கொத்தை எனக்குப் பெருமையோடு காட்டினார். இவ்வளவு விரைவாக இவ்வளவு துல்லியமாக யாரும் கண்டுபிடித்ததில்லை என்றார். சில நோயாளிகளைத் தொலைபேசியிலும் கூப்பிட்டு, இன்னும் அந்தத் தோட்டம்தானா என்று கேட்டு உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ஆமாம் என்றார்களாம். நானும் குறிப்பெடுத்துக்கொண்டேன். மேலதிகாரிக்குப் பிடிக்கும் வாக்கியங்கள் தாமாகவே வந்தன.

அடுத்த நாள் சுங்காய்க்குப் போய், அந்தப் பக்கத்துக் கிளினிக்கில் கருவி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். சரவணனுக்குக் கூட்டம் இருந்ததால் தனியாக பஸ் ஏறினேன். மறுபடியும் அதே குளிர், அதே தூக்கம். ஓட்டுநர் தோளைத் தட்டியபோது சிலிம் ரிவர் என்ற அடுத்த ஊரில் இருந்தேன். சுங்காய் எப்போதோ பின்னால் போய்விட்டது. இறங்கியதும் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை தூறி, யோசித்து, பிறகு பெய்யும். இது வாளியைக் கவிழ்த்ததுபோல் வந்தது.

ஒதுங்கிய கடையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மலாய்ப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சீன டாக்சிக்காரர் அதை உடைந்த தமிழில் மாற்றித் தந்தார்: "தூங்கிப் போனவங்க எல்லாம் இந்தக் கடையிலதான் வந்து நிக்கிறாங்களாம். ஒன்னாலதான் அந்தம்மா பொழப்பு ஓடுதாம்." தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் சூடாக இருந்தன. எங்கள் பாற்சோற்றுக்குக் காரம் வைத்தால் இப்படித்தான் இருக்கும்.

டாக்சிக்காரரே என்னைச் சுங்காய்க்குக் கொண்டுபோனார். நான் தங்குவதற்குச் சரவணன் ஏற்பாடு செய்திருந்த வீடு ஊருக்கு வெளியே ஒரு தாமானில் இருந்தது. வரிசை வரிசையாக ஒட்டி நிற்கும் சிறிய வாடகை வீடுகளைத்தான் தாமான் என்கிறார்கள். சுவருக்குச் சுவர், கூரைக்குக் கூரை. சிமெண்டில் கட்டிய லயம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரி ஸ்டெல்லா அக்கா. பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் சமைக்கிறவர். வாசல் கதவில் காய்ந்த குருத்தோலைச் சிலுவை. உள்ளே மகள் ரீத்தா, எட்டு மாதக் கர்ப்பிணி, காற்றாடிக்கு நேரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணவன் எங்கே என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில" என்றார் அக்கா. "டெங்கு. பின்னால வீட்டுலயும் காய்ச்ச. எதுத்த வீட்டு அம்மா நேத்துதான் திரும்பி வந்தாங்க. இவளுக்கு வந்துச்சுன்னா ரெண்டு உசுரு தம்பி. டாக்டரு என்னைய தனியா கூப்ட்டு சொன்னாரு. பகல்லயும் கொசுவலைக்குள்ள படுடின்னா கேக்க மாட்டேங்குறா."

"வேகுதும்மா" என்றாள் ரீத்தா.

"இங்க போகிங் அடிச்சாங்களா அக்கா?"

"எங்க அடிச்சாங்க? பொக அடிக்கிற காடி ரோட்டுல போவுது, வருது. உள்ளதான் திரும்ப மாட்டேங்குது."

அலுப்பில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. பேச்சை மாற்ற, "நீங்க எந்த ஊர் அக்கா?" என்று கேட்டேன்.

"ரொட்டிக்காரன் தோட்டம்" என்றார்கள் தாயும் மகளும், ஒரே குரலில்.

ஆக, தோட்டத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சரவணன் காரோடு வந்தார். தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று அவர் வண்டியை வெளிச்சாலையில் ஏற்றியபோது, அதுதான் இங்கேயே இருக்கிறதே என்றேன். "இது தாமான்லா தம்பி. தோட்டம் இன்னும் உள்ள போவணும்." இருபுறமும் செம்பனை, எண்ணெய்க்கு வளர்க்கிற பனை. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. செம்மண் பாதை நேற்றைய மழையில் குழைந்திருந்தது. ஒரு திருப்பத்தில் முன்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. இறங்கித் தள்ளினேன். முகத்திலிருந்து முழங்கால்வரை பேராக் மண்.

சேற்றில் நின்று மூச்சு வாங்கும்போது தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. செம்பனைகளுக்கு நடுவே வெள்ளைப் புகை எழும்பியது. முகமூடி போட்ட மூன்று பேர் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு, மரம் மரமாகப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். வீடு ஒன்றும் இல்லை. இடிந்த ஒரு சிமெண்டு மேடை மட்டும் புல்லுக்குள் தெரிந்தது. மரத்தில் இருந்த குரங்குகள் இருமிக்கொண்டே ஓடின.

அவர்களில் மூத்தவர் முகமூடியைக் கழற்றி மலாயில் பொரிந்து தள்ளினார். சரவணன் எனக்கு மொழிபெயர்த்தார்: "மூணாவது தடவையாம். ஒவ்வொரு தடவையும் ஆள் இல்லாத காடுன்னு எழுதிக் குடுக்குறாங்களாம். ஆனா படத்துல செவப்பா இருக்காம். போ போன்னு அனுப்புறாங்களாம். கொரங்குக்கு ஐசி இருக்கான்னு கேக்குறாரு."

ஐசி என்றால் அடையாள அட்டை. சரவணன் கைபேசியில் வரைபடத்தைத் திறந்தார். நாங்கள் நிற்கும் இடம் முழுக்கச் சிவப்பு. விரலால் தள்ளி, தாமானைப் பெரிதாக்கினார். ஒரு புள்ளிகூட இல்லை. சுத்தமான பச்சை.

தோட்டத்தை விற்று, ரப்பரை அழித்து, செம்பனை நட்டு, லயங்களை இடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆட்கள் மொத்தமாகத் தாமானுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரிதான். கருவி அதைத்தான் படிக்கிறது. தொலைபேசியில் கேட்டாலும் வாய் அதைத்தான் சொல்கிறது. ஸ்டெல்லா அக்காவின் மருமகனும், பின்வீட்டுக்காரரும், எதிர்வீட்டு அம்மாவும் எல்லாம் இந்தச் செம்பனைக் காட்டுக்குள் காய்ச்சலில் கிடந்தார்கள், கணக்குப்படி.

"நா வடக்கால வளந்தவன்" என்றார் சரவணன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "இங்க ஆள் இல்லன்னு எனக்கு எப்படிலா தெரியும்?" பிறகு ஈப்போவுக்கு அழைத்தார். தலைவர் சொன்னது எனக்கே கேட்டது. பதிவைத் திருத்த வேண்டுமென்றால் நோயாளிகளே கிளினிக்குக்கு இப்போதைய முகவரியைச் சொல்ல வேண்டும். நாமாகப் புள்ளியை நகர்த்த முடியாது. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆளாளுக்குப் புள்ளியை நகர்த்தினால் அது எந்த வகை வரைபடம்?

அன்று மாலை முழுக்க வீடு வீடாக ஏறினோம். என் சட்டையில் சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தேநீர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி, ஒரே பதில்.

"எங்க இருக்கீங்க?"

"ரொட்டிக்காரன் தோட்டம்."

"இப்ப வீடு எங்க?"

"தோட்டத்துக்காரங்கதான், தம்பி."

நான் கொஞ்சம் புத்திசாலித்தனமாக, "ராத்திரியில எங்க படுக்கிறீங்க?" என்று ஒரு வீட்டில் கேட்டேன். அந்த அம்மா கரண்டியோடு எழுந்துவிட்டார். "சிலோன்லேருந்து இதக் கேக்கவா வந்த?" சரவணன் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மிச்ச வீடுகளில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு.

கடைசி வரிசையில் முனியாண்டி அண்ணன் வீடு. பகலில் தொழிற்சாலைப் பாதுகாவலர். அவரும் அவர் மனைவியும் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள். விஷயத்தை முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அட்ரஸ மட்டும் மாத்த மாட்டேன். தோட்டத்த வாங்குன கம்பெனி எங்களுக்கு வீடு தாரேன்னு சொல்லியிருக்கான். கேஸ் நடக்குது. நாங்க அங்க இருந்தவங்கன்றதுக்கு இந்த ஐசிதான் சாட்சி. நாளைக்கே 'நீதான் தாமான்காரன்னு சொல்லிட்டியே'ன்னு சொல்ல மாட்டானா? இந்த லைன்ல ஒருத்தனும் மாத்த மாட்டான். எங்கள கேக்காதீங்க."

"அண்ணே, ஐசிய மாத்த வேணாம். கிளினிக்குல மட்டும்..."

"கிளினிக்கும் கம்ப்யூட்டரு, கோர்ட்டும் கம்ப்யூட்டரு. எல்லாம் ஒரே வயருலதான்லா ஓடுது."

சரவணனுக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து அவரும் சாப்பிடவில்லை. "அப்ப ஒங்கள கொசு எங்கண்ணே கடிக்குது? செம்பனக் காட்டுலயா?"

"டேய், இங்கதான்டா கடிக்குது! இந்த வீட்டுல! மூணாவது லைன், பதினேழாம் நம்பரு! அந்தா, அந்தக் கால்வாயிலேருந்துதான் வருது!"

கத்தி முடித்த பிறகு அவரே நிறுத்தினார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் மனைவி உள்ளேயிருந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அதத்தான அவங்க கேக்குறாங்க. கொசு கடிக்கிற வீடு. ஊரையா எழுதித் தரச் சொல்றாங்க?"

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினோம். யாரையும் முகவரி கேட்கவில்லை. "அக்கா, ஒங்கள கொசு எந்த வீட்டுல கடிக்குது?" வரிசை எண், வீட்டு எண், பின்னால் தேங்கிய சாக்கடை வரைக்கும் பதில் வந்தது. கரண்டி எடுத்த அம்மாவும் என்னைப் பார்க்காமல் சரவணனிடம் சொன்னார். கிளினிக்குக்கு அவரவரே அழைத்துச் சொன்னார்கள். அடையாள அட்டை முகவரி அப்படியே இருக்கட்டும், குறிப்பு என்ற இடத்தில் மட்டும் இதை எழுத, சரவணன் ஈப்போவோடு நெடுநேரம் வாதாடி அனுமதி வாங்கினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்றார். முகமே சொன்னது. ரீத்தாவின் உடம்பு கொதித்தது.

சரவணனின் சேற்றுக் காரிலேயே போனோம். அவள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவசரப் பிரிவுப் பதிவு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே "அலாமாட்?" என்றார். முகவரி என்று அர்த்தம். ரீத்தா, பல் கிட்டிக்கொண்டிருந்தும், பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தாள்.

"ரொட்டி..."

"கொசு கடிச்ச வீட்டச் சொல்லுடி!" என்று ஸ்டெல்லா அக்கா போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரீத்தா வரிசை எண்ணையும் வீட்டு எண்ணையும் சொன்னாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தட்டச்சு செய்தார்.

டெங்குதான். அவளை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். கணவன் இருந்த அதே கட்டடம், வேறு மாடி. கீழ் மாடியில் அவன் தேறிக்கொண்டிருக்க, மேல் மாடியில் அவள் படுத்திருந்தாள். இரண்டு பேருக்கும் கஞ்சி தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கியதுதான் பேராக்கில் என் மிச்ச நாட்கள். சுண்ணாம்பு மலைக் குகைகளைப் பார்க்கலாம் என்று சரவணன் சொல்லியிருந்தார். அவற்றை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக நினைத்துப் பார்த்ததோடு சரி. மேலதிகாரி குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்: அறிக்கை எங்கே? காய்ச்சல்காரர்கள் வார்டில் எனக்கும் உடம்பு சுடுவதுபோல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், வெறும் களைப்பு.

நான் கிளம்பும் காலையில் தாமானுக்குள் புகை அடிக்கிற வண்டி திரும்பியது. அதே மூன்று பேர். மூத்தவர் என்னை அடையாளம் கண்டு, முகமூடிக்குள்ளிருந்து கையை உயர்த்தினார். ஆட்கள் சோற்றுப் பானையை மூடிவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றார்கள். புகை வீட்டுக்கு வீடு நுழைந்து ஜன்னல் வழியாக வெளியே வந்தது. முனியாண்டி அண்ணன் கால்வாயைக் காட்டி, "அங்க அடி, அங்க அடி" என்று மலாயில் அதட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்கா மட்டும் அங்கே இல்லை. ரீத்தாவுக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஒரு வாரம் முந்தி இந்த வண்டி இங்கே திரும்பியிருக்கலாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

விமானத்தில் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

கேகாலைக்கு வந்தபின்னும் அறிக்கை நகரவில்லை. எங்கள் பக்கத்திலும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். எங்கள் பக்கத்திலும் அடையாள அட்டையில் இருக்கும் லயத்தில் பாதிப் பேர் இல்லை. கொழும்பில் கடை மாடிகளில் படுத்துக் கிடக்கிறார்கள். நான்கூட என் அட்டைப்படி அம்மாவோடுதான் வாழ்கிறேன். கருவி வாங்கலாம் என்று எழுதினேன். அதில் ஒரு கேள்வி சேர்க்காமல் வாங்கக் கூடாது என்றும் எழுதினேன். கேள்வியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "தற்போதைய வதிவிடம்" என்று அலுவலகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அம்மாவை அழைத்து வாசித்துக் காட்டினேன். "யாருக்கு வெளங்கும் இது?" என்றார். அடித்துவிட்டு, கொசு கடிக்கும் வீடு எது என்று எழுதினேன். மேலதிகாரி அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கேள்விக்குறி வைத்துத் திருப்பி அனுப்பினார். மறுபடி அதையே எழுதி அனுப்பினேன்.

அந்தச் சிவப்பு வட்டத்துக்கும் என் பதிலுக்கும் நடுவே ஒரு நாள் கைபேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் குழந்தை வீறிடும் சத்தம். ஸ்டெல்லா அக்கா அதற்கு மேல் கத்தினார்:

"தம்பி, பொம்பளப் புள்ள! கொஞ்சம் முந்திப் பொறந்துருச்சு, சின்னதா இருக்கு, ஆனா தொண்டையப் பாரு. ரீத்தா நல்லாருக்கா. நேத்து பேரு பதியப் போனோம். அட்ரஸ் கேட்டாங்க. ரொட்டிக்காரன் தோட்டம்னே சொல்லிட்டா. நா ஒண்ணும் சொல்லல. கேட்டது கவர்மெண்டுதானலா, கொசு இல்லியே."